கடலில்லாத தொகுதியின் வெளியுறவுக் கொள்கை

என்னால் எட்டு பேர் ஏறக்குறைய ஒரு வருஷம் கூடுதலாக அயல்நாட்டுச் சிறையில் இருந்தார்கள். நான் நீதிபதியும் அல்ல, போலீஸ்காரனும் அல்ல. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன். எனக்கு ஆங்கிலம் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடந்ததற்கு அதுதான் காரணம். வேறு சாக்கு சொல்லப் போவதில்லை. (சொல்லிப் பார்த்தேன். வீட்டிலேயே எடுபடவில்லை.)

எண்பதுகளின் பிற்பகுதி. அப்போது எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கோட்டைக்கு அனுப்ப வேண்டிய ஆங்கில மனுக்களை எழுத அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். சம்பளம் கிடையாது. ஆனால் கடைத்தெருவில் அவர் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போகலாம். என் மாணவர்கள் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராமலட்சுமி என்ற பெண் அவர் வீட்டுக்கு வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் கணவர் கணேசன் தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் சமையல்காரர். இயந்திரம் பழுதாகி, காற்று தள்ளிக்கொண்டு போய், தோணி வேறொரு நாட்டுக் கடற்படையின் கையில் சிக்கியது. தோணியில் இருந்த எட்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த நாட்டுக்கும் நமக்கும் அப்போது முகம் கொடுத்துப் பேச்சில்லை. நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் விஷயத்தில் நான் ஒருமுறை வாயைத் திறந்ததே போதும்.

"ஊருல யார் யாரையோ மீட்டுக் குடுக்கீக அண்ணாச்சி. எங்க வீட்டு ஆள மட்டும் ஏன் விட்டுட்டீக?" என்றாள் ராமலட்சுமி.

"இது கடல் தாண்டுன விசயம் தாயி. டெல்லில பேசிக்கிட்டு இருக்காக."

"டெல்லி எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது உங்க வீட்டு வாசல்தான். புள்ள பெறக்கதுக்குள்ள அவிய வந்துரணும்."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் சொன்னதில் பொய் இல்லை. பிளவக்கல் தண்ணீர்த் தகராறில் மண்டை உடைந்த இரண்டு ஊர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்தவர் அவர். வ. புதுப்பட்டிக்காரர் ஒருவரின் டிராக்டரைத் தேனிப் பக்கம் யாரோ பிடித்து வைத்துக்கொண்டபோது, காலையில் போய்ச் சாயங்காலம் அதே டிராக்டரில் ஏறி வந்து இறங்கியவர். ஆளை மீட்பதும் மாட்டை மீட்பதும் அவருக்குக் கைவந்த வேலை.

ஆனால் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்து அதிகாரி ஒருவர் ஏற்கெனவே அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். விஷயம் கனிந்து வருகிறது, தோணி எல்லை தாண்டியதா இல்லையா என்ற பேச்சையே இரண்டு பக்கமும் எடுக்காமல் ஆட்களை விடுவதாக ஏற்பாடு, இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடுவார்கள், அதுவரை யாரும் எதுவும் பேசாமல் இருப்பதே பெரிய உதவி.

"பேசாம இருக்கதுக்கா எனக்கு ஓட்டுப் போட்டாக?" என்று அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புரொபசரே, நீரு படிச்சவரு. ஒரு எம்.எல்.ஏ. நேரா அந்த நாட்டுக்காரன்கிட்டப் பேசலாமா, கூடாதா? சட்டம் என்ன சொல்லுது?"

அந்த வாரம்தான் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அதே பாடத்தை நடத்தியிருந்தேன். வெளிநாட்டு உறவு மத்திய அரசுக்கு மட்டுமே உரியது. மாநிலத்துக்கே அதில் இடமில்லை, மாநிலத்தின் ஒரு தொகுதிக்கு அறவே இல்லை. கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பரீட்சையில் வேறு மாதிரி எழுதிய பையனுக்கு முட்டை போட்டிருப்பேன்.

"கூடாதுன்னு எங்கேயும் எழுதலை அண்ணாச்சி" என்றேன்.

(பின்னால் என் மனைவி கேட்டாள்: "கல்லைத் தின்னக் கூடாதுன்னுகூடத்தான் எங்கேயும் எழுதலை. தின்னீங்களா?")

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நாட்டின் சென்னை அலுவலகத்து அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு குற்றாலத்துக்குச் சாரலுக்கு வருகிறார் என்று அண்ணாச்சிக்குத் தகவல் வந்திருந்தது. மதுரையிலிருந்து குற்றாலம் போகிற எவரும் ராஜபாளையத்தைக் கடந்துதான் போக வேண்டும். வழியில் அவரை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிடலாம் என்பது அண்ணாச்சியின் திட்டம். ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் உரையாடுவது என்பது, எனக்கு முன்னால் எங்கள் கல்லூரியில் யாருக்கும் கிடைத்த வாய்ப்பு இல்லை. எட்டு பேரின் விடுதலை, கடவுள் சாட்சியாக, என் நினைவில் இரண்டாவதாகத்தான் வந்தது.

விருந்து பயணியர் மாளிகையில். ஆனி மாத வெயில். நான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கல்யாணத்தின்போது இருந்த நான் வேறு, அப்போது இருந்த நான் வேறு என்பதால் பொத்தான்கள் சேரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தால் நடுப்பொத்தான் மட்டும் சேர்ந்தது. அன்று பேசிய ராஜதந்திரம் முழுவதையும் அரை மூச்சில்தான் பேசினேன்.

அதிகாரி சின்ன உருவம். மெல்லிய குரல். எதற்கும் அவசரப்படாத முகம். மனைவியையும் பிள்ளைகளையும் அடுத்த அறையில் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, எங்களோடு வந்து உட்கார்ந்தார். கூடவே உதவியாளர் ஒருவர், சட்டைப்பையில் பேனாவோடு. கோழிக் குழம்பு, காடை வறுவல், மட்டன் சுக்கா என்று இலை நிறைய வைத்துவிட்டு அண்ணாச்சி பேச்சை ஆரம்பித்தார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆளோ மாடோ அடுத்த ஊரில் மாட்டிக்கொண்டால், மீட்கப் போகிற பெரிய மனிதர் முதலில் சொல்ல வேண்டியது, "தப்பு எங்க மேலதான்." தப்பு யார் மேல் என்பதற்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல அது ஒரு மரியாதை. உடனே அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர், "அட, அப்படிச் சொல்லாதீங்க, எங்க பயலுகளும் லேசுப்பட்டவனுக இல்ல" என்று சொல்லியாக வேண்டும். பிறகு காப்பி வரும். காப்பி முடிவதற்குள் மாடு அவிழ்க்கப்பட்டிருக்கும். பதில் வரவில்லை என்றால், நம் பணிவு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் இறங்கிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி இந்தக் கலையில் மன்னர்.

அவர் கைகூப்பி, "ஐயா, தப்பு எங்க மேலதான். எங்க தோணிதான் எல்லை தாண்டி வந்துருச்சு" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். சும்மா மொழிபெயர்க்கவில்லை. 'இந்த மண்ணின் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி என்ற முறையில்' என்று என் சொந்தச் செலவில் முன்னால் ஒரு தோரணம் கட்டினேன். கடைசியில் 'அன்ரிசர்வ்ட்லி ஒப்புக்கொள்கிறோம்' என்று முடித்தேன். எந்த ஒளிவுமறைவும் நிபந்தனையும் இல்லாமல் என்று அர்த்தம். அந்தச் சொல்லை வாழ்க்கையில் வாயால் சொல்ல எனக்கு அதுவரை சந்தர்ப்பமே வந்ததில்லை. என்ன சுகமாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

அதிகாரி சாப்பிடுவதை நிறுத்தினார். உதவியாளர் பேனாவை எடுத்தார்.

அண்ணாச்சி செத்த நேரம் காத்திருந்தார். "அட, அப்படிச் சொல்லாதீங்க" வரவில்லை. ஒருபடி இறங்கினார். "தெரியாம வந்தானுகன்னுகூடச் சொல்ல மாட்டேன். வேணும்னேகூட வந்திருப்பானுக. கழுதைக, சொன்னா கேக்காதுக."

மொழிபெயர்த்தேன். கழுதைகளை மட்டும் விட்டுவிட்டேன். ராஜதந்திரத்துக்கு ஒவ்வாது என்று பட்டது. 'வேண்டுமென்றே' என்பதை விடவில்லை.

உதவியாளரின் பேனா மட்டும் ஓடியது. அண்ணாச்சி என் காதில், "என்னய்யா, ஆளு அசைய மாட்டேங்கான். நீரு ஒழுங்காச் சொல்லுதீரா?" என்றார்.

"அட்சரம் பிசகாம சொல்றேன் அண்ணாச்சி."

"அப்ப இன்னும் இறங்கணும்." நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, நான் வாக்குக் குடுக்கேன். இனிமே எங்க நாட்டுக் கப்பல் ஒண்ணுகூட அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது."

இப்படியாக, கடலே இல்லாத ஒரு தொகுதியின் உறுப்பினர், காடை வறுவலுக்கும் ரசத்துக்கும் இடையில், இந்தியாவின் கப்பல்களைக் கடலிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அதை நான் பிழையில்லாத ஆங்கிலத்தில் அந்த நாட்டின் கையில் ஒப்படைத்தேன்.

அதிகாரி முதன்முறையாகப் புன்னகைத்தார். "மாண்புமிகு உறுப்பினரின் நிலைப்பாடு இதுதானா?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். நான் அண்ணாச்சியிடம் கேட்கக்கூட இல்லை. "அன்ரிசர்வ்ட்லி" என்றேன், இரண்டாம் முறையாக. நடுப்பொத்தான் தெறித்து மோர்க் கிண்ணத்தில் விழுந்தது.

அவர்கள் கார் தென்காசிச் சாலையில் மறைந்ததும் அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். "ஆளு கல்லுளிமங்கன். ஆனா கடைசில சிரிச்சிட்டான் பாத்தீரா? முடிஞ்சுது காரியம்." எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் முழுக்கதையையும் சொன்னேன், 'அன்ரிசர்வ்ட்லி' உட்பட.

"அது ரயில்ல உக்கார இடம் கிடைக்காத பெட்டிதானே?" என்றாள். அவள் அறியாமைக்காக அன்று இரக்கப்பட்டேன்.

காரியம் முடிந்ததுதான். சில நாளில் அந்த நாட்டு வானொலி செய்தி சொன்னது. தோணி வேண்டுமென்றே எல்லை தாண்டியதை இந்திய மக்கள் பிரதிநிதியே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி டெல்லியும் எழுத்தில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் ஒழிய ஆட்களை விடுவதற்கில்லை. எல்லைப் பேச்சையே எடுப்பதில்லை என்று மாதக்கணக்கில் பாடுபட்டுக் கட்டியிருந்த ஏற்பாடு ஒரு சாப்பாட்டில் கரைந்துபோனது.

டெல்லி அண்ணாச்சியைத் திட்டியது. சென்னையில் கட்சி அவரைக் கூப்பிட்டுத் திட்டியது. திரும்பி வந்து அவர் என்னைத் திட்டவில்லை. "நான் மரியாதைக்குச் சொன்னேன் புரொபசரே. அது அவனுக்குத் தெரியாது. உமக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பிறந்ததிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ராமலட்சுமி இந்த முறை என் வீட்டுக்கே வந்தாள். நிறைமாதம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், அண்ணாச்சி தமிழ்ல தப்புன்னு சொன்னாக. சரி. நீங்க எதுக்கு இங்கிலீசுலயும் சொன்னீக?"

மேசையிலிருந்து பேனாவை எடுத்தேன். "நான் டெல்லிக்கு எழுதுறேன்மா. ஐ.நா. சபைக்கு எழுதுறேன். அந்த நாட்டு ஜனாதிபதிக்கே ஒரு கடிதம்..."

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எழுதாம இருங்க" என்றாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கோதை என்று பெயர் வைத்தார்கள். அப்பன் அங்கேயே இருந்தார். பெயர் வைத்த செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டெல்லிக்கு ரயில் ஏறினேன். (முன்பதிவு கிடைக்கவில்லை. என் மனைவி சொன்ன அதே பெட்டிதான்.)

அமைச்சகத்து அதிகாரி கும்பகோணத்துக்காரர். நான் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு உரையைப் பாதியில் நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க மொழிபெயர்த்ததுல ஏதாவது தப்பு இருக்கா?"

"இல்லை சார். ரொம்பச் சரியாப் பண்ணினேன்."

"அதுதான் கஷ்டம். தப்புன்னு எழுதித் தர முடியுமா? எம்.எல்.ஏ. சொன்னது வேற, நீங்க சொன்னது வேற. உங்களுக்குப் போதுமான ஆங்கிலம் கிடையாது. அப்படி."

"சார், நான் ஆங்கிலத்துல கல்லூரியிலேயே முதல் மாணவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு அந்த எட்டு பேர் வேணுமா, முதல் மாணவன் வேணுமா?"

என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பைத் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது என் ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. அதிகாரி படித்துவிட்டு, "ஆங்கிலம் தெரியாதவர் எழுதின மாதிரி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு இடத்தில் இலக்கணத்தைக் கெடுத்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பிழைகளையும் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

அரசின் விளக்கம் செய்தித்தாள்களில் வந்தது. 'தகுதியற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பிழை' என்றது. பெயர் போடவில்லை. ராஜபாளையத்தில் பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை. கல்லூரி முதல்வர் ஆங்கிலச் சுற்றறிக்கை எழுதும் பொறுப்பை வேதியியல்காரருக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்றிருந்த மாணவன் ஒருவன் என்னைத் தனியே பார்த்து, "விடுங்க சார், அது கஷ்டமான பாசைதான்" என்று ஆறுதல் சொன்னான்.

அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். கூடாது அண்ணாச்சி. பகை நாட்டோடு பேசப் போகிறவரிடம் கொடுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும், கொடுக்க முடியாது என்று மறுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தது காடை வறுவல். அதைத் தவிர நீங்கள் கொடுத்ததெல்லாம் உங்களுடையது அல்ல. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராமலட்சுமிக்குக் கதவு திறந்தவர் நீங்கள் ஒருவர்தான். டெல்லியில் ஒருவர்கூட அவளுக்கு, "கொஞ்சம் பொறு தாயி, இன்னது நடக்கிறது" என்று நாலு வரி சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் அவள் உங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டாள். பேச வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டதால்தான் பேசக் கூடாதவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

என் கையெழுத்தால் விடுதலை வந்ததா, இரண்டு நாட்டுக்கும் சலித்துப்போனதால் வந்ததா, தெரியாது. வந்தது. கணேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கோதை நடக்க ஆரம்பித்திருந்தாள். தூக்கப் போன அப்பனைப் பார்த்து வீரிட்டு அழுது அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணேசன் பாய் விரித்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் கோபம் இல்லை. சிறையில் தினம் காவலாளிகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்ததாகவும், கிளம்பும்போது பெரிய காவலாளி கண் கலங்கியதாகவும் சொன்னார். நான் எழுந்து நின்று, "கணேசன், தப்பு என் மேலதான்" என்றேன்.

சொல்லிவிட்டு, நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"அட, அப்படியெல்லாம் சொல்லாதீக சார்" என்று கணேசன் ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து ராமலட்சுமியின் குரல் வந்தது. "ஏன் சொல்லக்கூடாது? பெத்த மக உங்களப் பாத்து யாரோன்னு அழுதா இல்ல?" வெளியே வந்து என் எதிரில் நின்றாள். "ஆமா சார். உங்க மேலதான் தப்பு. காப்பி குடிங்க."

அந்த வாக்கியத்தை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டு நான் பார்த்தது அது இரண்டாம் முறை. ஆனால் முதல் ஆள் காப்பி கொடுக்கவில்லை. குடித்துவிட்டு, நான் என்ன செய்தால் ஈடாகும் என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எங்க வீட்டு விசயத்துல இனி எந்தக் காலத்துலயும் பேசாதீக."

வாக்குக் கொடுத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோதைக்குக் காதுகுத்து வைத்தபோது என்னையும் அழைத்தார்கள், அழைத்ததே பெரிது. பந்தலில் சண்டை. ராமலட்சுமிக்கு அண்ணன் தம்பி என்று இரண்டு பேர். யார் மடியில் உட்கார வைத்துக் குத்துவது என்று முறுக்கிக்கொண்டு, மூத்தவர் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"போறேன். இளையவனே மாமனா இருந்துக்கிடட்டும்."

"போகட்டும் விடுங்க. எம்புட்டு நாளைக்குக் கெஞ்ச?" என்றார் இளையவர்.

அண்ணாச்சி அப்போது பதவியில் இல்லை. மறுமுறை கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "புரொபசரே, ஒரு வார்த்தை சொல்லும்" என்றார். பந்தலில் இருந்த படித்த மனிதன் நான்தான். தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தேன்.

ராமலட்சுமி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பந்திக்கு லட்டு எடுத்துப்போய்க்கொண்டிருந்த கணேசன் வழியை மாற்றி வந்தார். "சார், பதம் சரியா இருக்கா பாருங்க" என்று ஒரு முழு லட்டை என் வாய்க்குள் வைத்தார். சமையல்காரர் கை, லட்டும் அதற்கேற்ற அளவு.

பந்தலே சிரித்தது. எல்லோருக்கும் கதை தெரியும். தெருவில் நின்ற மூத்தவர், "ஏலே, சாரு வாயை அடைச்சிட்டாகளா? அப்பச் சரி, வாரேன்" என்று தட்டோடு திரும்பி வந்தார். ஒரு காது மூத்தவர் மடியில், மறு காது இளையவர் மடியில் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் லட்டை மென்று முடிக்கும்போது கோதைக்கு இரண்டு காதிலும் குத்தியாகியிருந்தது.

நான் கலந்துகொண்டு வெற்றியாக முடிந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். என் மனைவி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இன்றும் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், மனை விலை பேசினாலும், வந்தவர்கள் உட்காருவதற்கு முன்னால் என் கையில் ஒரு தட்டு வந்துவிடும். இப்போது எனக்குச் சர்க்கரை. அதனால் சுண்டல் கொடுக்கிறார்கள், நிறைய.